நோபல் என்றொரு குடும்பப் பெயர்

ஸ்டாக்ஹோம் நகரத்துக் கடைத்தெரு ஒன்றில் நின்றுகொண்டு, "மிஸ்டர் ஆண்டர்ஸன்!" என்று நீங்கள் உரக்கக் கூப்பிட்டால் என்ன ஆகும்? நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். "மிஸ்டர் யோஹான்ஸன்!" என்று கூப்பிட்டாலும் அதே கதைதான். ஸ்வீடன் தேசத்தின் ஜனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். அதில் ஆண்டர்ஸன்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். யோஹான்ஸன்களும் இரண்டு லட்சத்துக்கு மேல். அதாவது, ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஓர் ஆண்டர்ஸன், ஐம்பது பேருக்கு ஒரு யோஹான்ஸன்!

இப்போது, "மிஸ்டர் நோபல்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவரும் திரும்ப மாட்டார். இந்த வருஷத்துப் பரிசு யாருக்கு என்று அறிவித்து விட்டார்களாக்கும் என்று எண்ணி, யாராவது உங்களிடம் வந்து விசாரித்தாலும் விசாரிக்கலாம்.

வருஷந்தோறும் அக்டோபர் மாதத்தில் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் கொட்டை எழுத்தில் போடும் பெயர் அது. ஆனால் அந்தப் பெயர் பிறந்த நாட்டிலேயே அதைத் தாங்குகிறவர்கள் மிக மிகச் சொற்பம். இது ஏன்? அந்தப் பெயர்தான் எங்கிருந்து வந்தது?

முதலில் அந்த ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஸ்வீடனில் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. ஆண்டர்ஸ் என்பவரின் பிள்ளை ஆண்டர்ஸன். ஸன் என்றால் மகன். பெண்ணாயிருந்தால் ஆண்டர்ஸ்டோட்டர், அதாவது ஆண்டர்ஸின் மகள். அந்த ஆண்டர்ஸனுக்கு யோஹான் என்று பெயரிருந்தால், அவர் பிள்ளை ஆண்டர்ஸன் ஆக மாட்டான். யோஹான்ஸன் ஆகி விடுவான். தலைமுறைக்கு ஒரு பெயர்! நமக்கு இது புதிதல்ல. 1930-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய்ப் பரிசு வாங்கிய ஸர் சி. வி. ராமனின் பெயரில் முதலில் நிற்கும் 'சி' அவருடைய தகப்பனார் சந்திரசேகர ஐயரைக் குறிப்பதுதானே? 1983-ல் அதே பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் சுப்பிரமணியனின் மகன் சந்திரசேகர்தான். நோபல் பரிசுப் பட்டியலிலேயே பழைய ஸ்வீடிஷ் வழக்கத்தின் சாயல் கொண்ட தமிழ்ப் பெயர்கள் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன!

இந்தத் 'தகப்பன் பெயர்' கூட்டத்திலிருந்து தப்பித்துத் தனிப் பெயர் பெற்றவர்கள் சிலரே. பட்டாளத்துச் சிப்பாய்கள் அதில் ஒரு வகை. ஒரே படைப் பிரிவில் பத்து ஆண்டர்ஸன்கள் இருந்தால் அதிகாரி யாரைக் கூப்பிடுவார்? ஆகவே சிப்பாய்க்குச் சுருக்கமாக ஒரு பெயர் வைத்து விடுவார்கள். ரஸ்க் என்றால் சுறுசுறுப்புக்காரன். மூடிக் என்றால் தைரியசாலி. ஷோல்ட் என்றால் கேடயம். ஓசை சின்னதாக, கட்டளை போடுவதற்குத் தோதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வகையினர் படித்தவர்கள். கிராமத்துப் பிள்ளை ஒருவன் ஸர்வகலாசாலையில் காலடி வைத்து விட்டால், அப்பன் பெயரைச் சொல்லிக் கொள்வது அவனுக்குக் கௌரவக் குறைவு. பிறந்த ஊரின் பெயரையோ, வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயரையோ எடுத்து, அதற்கு லத்தீன் பாஷையில் ஒரு வாலை ஒட்டிக் கொள்வான். தாவர சாஸ்திரத்தில் பெயரெடுத்த லின்னேயஸின் தகப்பனார் அப்படித்தான் தம் குடும்பத்து நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தைப் பார்த்து லின்னேயஸ் ஆனார். அதே மரத்திலிருந்து அவருடைய உறவினர் சிலர் லிண்டேலியஸ் ஆனார்கள். வேறு சிலர் திலியாண்டர் ஆனார்கள். ஒரு மரம் மூன்று குடும்பப் பெயர்களைக் காய்த்து விட்டது!

நம் கதாநாயகரும் இந்த ரகம்தான். ஸ்வீடனின் தெற்குக் கோடியில் ஸ்கோனே என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 1658 வரையில் அது டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்தது. அந்த மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குச் சமீபத்தில், கிழக்கு நொப்பெலோவ் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஊலோஃப் என்ற குடியானவருக்குப் பேட்டர் என்று ஒரு பிள்ளை. கிராமத்து வழக்கப்படி அவன் பேட்டர் ஊலோஃப்ஸன். 1682-ல் இந்தப் பிள்ளையாண்டான் நெடுந்தூரம் பிரயாணம் செய்து உப்ஸாலா ஸர்வகலாசாலையில் போய்ச் சேர்ந்தான். அங்கே பேரேட்டில் பதிந்த பெயர் பெட்ரஸ் ஊலாய் நொபேலியஸ்! நொப்பெலோவ் என்ற கிராமம்தான் லத்தீன் உடுப்புப் போட்டுக்கொண்டு நொபேலியஸ் ஆகி விட்டது.

இங்கிலீஷில் 'நோபிள்' என்றால் உத்தமன், உயர்குடிப் பிறந்தவன் என்று பொருள் அல்லவா? அதனால் நோபல் என்பதும் அந்தப் பொருள் கொண்டதுதான் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அதெல்லாம் இல்லை. அதில் பிரபுவும் இல்லை, உத்தமனும் இல்லை. ஒரு குடியானவக் கிராமத்தின் பெயர் மட்டுந்தான் இருக்கிறது.

பெயர் மாற்றியது வீண் போகவில்லை. பெட்ரஸ் நீதிபதி உத்தியோகத்துக்கு வந்தார். 1696-ல் வெண்டேலா ருட்பெக் என்ற பெண்ணை மணந்தார். பெண்ணின் தகப்பனார் லேசுப்பட்டவர் அல்ல. உப்ஸாலாவையே ஆட்டி வைத்த மேதை ஊலோஃப் ருட்பெக். மனித உடம்பில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அதோடு நிற்காமல், கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர்கள் சொன்ன அட்லாண்டிஸ் என்ற தேசம் வேறெங்கும் இல்லை, எங்கள் ஸ்வீடன்தான் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதியவர். நொப்பெலோவ் கிராமத்துப் பிள்ளைக்கு இப்பேர்ப்பட்ட மாமனார்!

இவர்களுடைய மகன் ஊலோஃப் நொபேலியஸ், சின்னஞ்சிறு உருவப் படங்கள் தீட்டும் ஓவியர். ஸர்வகலாசாலையில் சித்திர ஆசிரியர். அவருடைய மகன் இம்மானுவேல் (1757-1839) வைத்தியத் துறையில் புகுந்தார். பட்டாளத்தில் ரண வைத்தியராயிருந்து, பிற்பாடு யேவ்லே என்ற துறைமுகப் பட்டணத்தில் தொழில் செய்தார். பாட்டனார் ஆசை ஆசையாய் ஒட்டிய லத்தீன் வாலைக் கத்தரித்தவர் இவர்தான். நொபேலியஸ் போய் நோபல் வந்தது. ரண வைத்தியருக்கு வெட்டுவது கைவந்த கலைதானே!

வால் போன பிறகும் அதன் அடையாளம் ஒன்று பாக்கியிருக்கிறது. நாம் 'நோ' என்பதை அழுத்தி நோபல் என்கிறோம். ஸ்வீடன்காரர்கள் இரண்டாவது எழுத்தைத்தான் அழுத்துவார்கள்; 'நொபெல்' என்பார்கள். நொபேலியஸில் 'பே' என்ற எழுத்தில் விழுந்த அழுத்தம், சொல் குறைந்த பிறகும் அதே இடத்தில் நின்று விட்டது.

ரண வைத்தியரின் மகன் பெயரும் இம்மானுவேல்தான். அவருடைய பிள்ளைகள் ராபர்ட், லூட்விக், ஆல்ஃப்ரட், எமில். கடைக்குட்டி எமில் 1864-ல் ஸ்டாக்ஹோமில் நேர்ந்த நைட்ரோகிளிஸரின் வெடி விபத்தில் மாண்டு போனான். ராபர்ட்டும் லூட்விக்கும் ருஷ்யாவில் பாக்கு நகரத்து மண்ணெண்ணெய்க் கிணறுகளில் பணம் குவித்தார்கள். ஆல்ஃப்ரட் டைனமைட்டைக் கண்டுபிடித்து, மொத்தம் 355 பேடண்டுகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாரிசும் இல்லை.

1895 நவம்பர் 27-ஆம் தேதி பாரிஸில் அவர் கையெழுத்திட்ட உயிலை உலகம் அறியும். மூன்று கோடிக் குரோனருக்கு மேற்பட்ட ஆஸ்தி! ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பரிசுகள் கொடுக்க வேண்டும் என்று எழுதினாரே தவிர, அவற்றுக்குத் தம் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் எழுதவே இல்லை.

1896 டிசம்பர் 10-ஆம் தேதி அவர் காலமானதும் குடும்பத்தில் புயல் கிளம்பியது. சித்தப்பாவின் ஆஸ்தி முழுவதும் ஊர் பேர் தெரியாத விஞ்ஞானிகளுக்கா என்று ராபர்ட்டின் மக்கள் உயிலை எதிர்த்தார்கள். லூட்விக்கின் மூத்த மகன் இமானுவேலைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். எண்ணெய்க் கம்பெனியை நடத்தி வந்தவர் அவர். ஆல்ஃப்ரட்டின் பங்குகளை விற்றால் அவருடைய கம்பெனியே ஆட்டம் கண்டிருக்கும். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரே அவரை வரவழைத்து, தம்பி தங்கைகளின் நலனைப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். இமானுவேல் அசையவில்லை. நியாயமாக விஞ்ஞானிகளுக்குச் சேர வேண்டியதை எங்கள் குடும்பம் பிடுங்கிக் கொண்டது என்ற பழி என் உடன்பிறந்தாருக்கு வேண்டாம் என்ற கருத்தில் பதில் சொல்லி விட்டுத் திரும்பினார். என்னைக் கேட்டால், அந்தப் பெயரைக் காப்பாற்றியவர் அவர்தான். 1898-ல் சமரசம் ஏற்பட்டது. 1900-ல் நோபல் ஸ்தாபனம் பிறந்தது. 1901 டிசம்பர் 10-ஆம் தேதி முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், அதே 1901 டிசம்பரில்தான் ஸ்வீடிஷ் சர்க்கார் குடும்பப் பெயர்களுக்கென்று முதல் சட்டத்தையும் கொண்டு வந்தது. அதுவரையில் யாரும் எந்தப் பெயரையும் சூட்டிக் கொள்ளலாம் என்றிருந்ததற்குக் கடிவாளம் விழுந்தது. தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்த ஆண்டர்ஸன்களும் யோஹான்ஸன்களும் அப்படி அப்படியே உறைந்து போனார்கள். இன்று அவர்கள் லட்சக் கணக்கில் இருப்பதற்கு அதுதான் காரணம். எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சர்க்காரே புதுப் பெயர்ப் பட்டியல்களைப் புத்தகமாகப் போட்டு, "தயவு செய்து வேறு பெயர் வைத்துக் கொள்ளுங்கள்" என்று ஜனங்களைத் தூண்டியதும் உண்டு!

இப்போது அமலில் இருக்கும் சட்டம் 2017 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு பெயரைக் குறைந்தது 2,000 பேர் தாங்கியிருந்தால் அது பொதுச் சொத்து மாதிரி. ஆண்டர்ஸன் ஆக வேண்டுமா, தாராளமாக ஆகலாம். 2,000-க்குக் குறைந்தாலோ அது அபூர்வப் பெயர். சட்டத்தின் காவலில் இருப்பது. பெற்றோர், பாட்டன் பாட்டி, வாழ்க்கைத் துணை என்று ஏதாவது ஒரு பாத்தியதை வேண்டும். நோபல் என்ற பெயர் அந்த 2,000 என்ற கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறது. ஆகவே உங்களுக்கோ எனக்கோ கிடைக்காது! புதிதாகப் பெயர் கற்பித்துக் கொள்கிறவர்களும், அது பார்வைக்கோ காதுக்கோ நோபலைப் போல இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர் விவகாரங்களை 2017-ல் வரி இலாகா ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் கவனித்து வந்தது எந்த இலாகா தெரியுமா? பேடண்ட் ஆபீஸ்! 355 பேடண்டுக்காரரின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான காவல்காரர் ஏது?

ஆல்ஃப்ரட்டுக்குச் சந்ததி இல்லை என்றாலும், அண்ணன்மாரின் வம்சம் தழைத்தது. லூட்விக்கின் மகள் மார்த்தா என்ற லேடி டாக்டர், ஒலெய்னிகோவ் என்ற ருஷ்யரை மணந்தும் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. நோபல்-ஒலெய்னிகோவ் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக் கொண்டார். தகப்பனாரின் வாழ்க்கையை 1952-ல் பெரிய புத்தகமாகவும் வெளியிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோபல் என்ற பெயர் உள்ளவரெல்லாம் இந்தக் குடும்பத்தார் அல்ல. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்தில் யூத மத குருவாகப் புகழ் பெற்றிருந்த நெஹெமியா நோபல் (1871-1922) முற்றிலும் வேறு வழியில் வந்தவர்.

கத்தரிக்கப்பட்ட அந்த லத்தீன் வால் ஒரு நாள் திரும்பி வந்தது. 1957-ல் ஸ்டாக்ஹோமில் உள்ள நோபல் பௌதிகக் கழகத்தில் வேலை செய்த விஞ்ஞானிகள், 102-ஆம் மூலகத்தைக் கண்டுபிடித்து விட்டதாக அறிவித்து, அதற்கு 'நோபலியம்' என்று நாமகரணம் செய்தார்கள். பிற்பாடு அந்தக் கண்டுபிடிப்பு தவறென்று போய் விட்டது. உண்மையில் கண்ட பெருமை ருஷ்யாவில் துப்னா நகரத்து விஞ்ஞானிகளைச் சேர்ந்தது. ஆனாலும் பெயர் மட்டும் நிலைத்து விட்டது. 1997-ல் அதையே உறுதியும் செய்தார்கள். பெயரைப் போலவே பண்டமும் அபூர்வம். இயற்கையில் கிடைக்காது. செய்தெடுத்தாலும், அதன் வகைகளுள் நீண்ட ஆயுள் கொண்டதுகூட ஒரு மணி நேரத்துக்குள் பாதி அழிந்து விடும்.

இத்தனை காவல் போட்ட பெயருக்கும் ஒரு வழக்கு வந்தது. ஸ்வீடன் தேசத்து ரிக்ஸ்பாங்க் 1668-ல் ஏற்பட்டது. 1968-ல் தன் முந்நூறாவது ஆண்டு விழாவுக்காக, 'ஆல்ஃப்ரட் நோபல் நினைவாகப் பொருளாதாரத்துக்கு ஸ்வீடன் ரிக்ஸ்பாங்க் பரிசு' என்று ஒன்றை அது ஏற்படுத்தியது. 1969 முதல் மற்றப் பரிசுகளோடு அதையும் கொடுத்து வருகிறார்கள். நம் அமர்த்திய சென் 1998-ல் பெற்றது அந்தப் பரிசைத்தான். இவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'பொருளாதார நோபல்' என்று பத்திரிகைகள் சுருக்கி விட்டன.

நோபல் குடும்பத்தாரில் சிலருக்கு இது சம்மதமில்லை. 2001-ல் பகிரங்கமாகவே ஆட்சேபம் தெரிவித்தார்கள். லூட்விக்கின் வம்சத்தில் வந்த பேட்டர் நோபல் என்ற வழக்கறிஞர் ஒரு படி மேலே போய், ரிக்ஸ்பாங்க் செய்தது குயில் வேறொரு பறவையின் கூட்டில் முட்டையிட்டதற்குச் சமானம் என்றார். பொருளாதாரம் என்ற சொல்லே உயிலில் இல்லை. ஆல்ஃப்ரட் கொடுக்காத பரிசுக்கு ஆல்ஃப்ரட்டின் பெயர் எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பொருளாதாரப் பரிசு நிற்கவில்லை. இனிமேல் வேறெந்தப் புதுப் பரிசையும் சேர்த்துக் கொள்வதில்லை என்று நோபல் ஸ்தாபனம் தீர்மானித்ததோடு சரி. ஒவ்வொரு டிசம்பர் 10-ஆம் தேதியும் ஸ்டாக்ஹோம் மேடையில் மற்றவர்களோடு பொருளாதார நிபுணரும் ஏறி, மன்னர் கையால் பரிசு வாங்கிக் கொண்டு இறங்குகிறார்.