லாண்ட்மாஸ்டரைக் காத்தலும் கையாளலும்

புத்தூர்ச் சந்தியிலிருந்து நிலாவரைப் பக்கமாகச் செல்லும் வீதியின் இரு மருங்கிலும் செம்மண் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் பருவத்துக்கேற்ப அங்கே மாறி மாறிப் பயிராகின்றன. ஊரின் கிழக்குப் புறத்திலோ, கடல்நீரேரியை நோக்கித் தாழ்ந்து செல்லும் நிலத்தில் நெல்வயல்கள் உள்ளன. இவ்விரு வகை நிலத்திலும் இன்று உழவுத் தொழிலைச் செய்வது பெரும்பாலும் மாடு அன்று. இரண்டு சக்கரமும் இரண்டு நீண்ட கைபிடியும் கொண்ட சிறிய உழவு இயந்திரமே. அதனை ஊரார் லாண்ட்மாஸ்டர் என்பர்.

லாண்ட்மாஸ்டர் என்பது உண்மையில் ஓர் உற்பத்தியாளரின் பெயர். 1950களின் நடுப்பகுதியில் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன நெற்செய்கைக்கு ஏற்ற இருசக்கர உழவு இயந்திரமொன்றை உருவாக்கினார். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்த லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அதனை வெளியுலகுக்கு அனுப்பிற்று. பின்னர் யப்பானிலிருந்து குபோட்டாவும் யன்மாரும், சீனத்திலிருந்து வேறு பலவும் வந்து இடம்பிடித்தன. ஆயினும் பெயர் மட்டும் மாறவில்லை. குபோட்டாவைக் காட்டி லாண்ட்மாஸ்டர் என்று சொல்வதில் புத்தூரில் எவருக்கும் தயக்கம் கிடையாது. 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்த விஜேவர்தன, பிற்காலத்தில் உழவையே குறைக்கும் பயிர்ச்செய்கை முறைகளை வற்புறுத்தி, தாம் பரப்பிய இயந்திரத்தையே கண்டித்துப் பேசியவர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. எருமை கன்று ஈனும், எருவும் தரும். இயந்திரம் அவ்வாறன்று என்ற வாதம் அவருடையது. அதில் உண்மை உண்டு. ஆனால் தொழுவம் ஒழிந்துபோன வீட்டில் அந்த வாதத்தைக் கொண்டு நிலத்தைக் கிளற முடியாது. இருக்கும் இயந்திரத்தை நெடுநாள் உழைக்கச் செய்வதும், அதனால் உடலுக்கு ஊறு நேராமற் பார்ப்பதுமே கமக்காரன் கையில் உள்ளவை.

யாழ்ப்பாணத்து நிலத்துக்கு இவ்வியந்திரம் பொருந்தியமைக்குக் காரணம் உண்டு. தோட்ட நிலத்தில் 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். நான்கு பரப்பும் ஐந்து பரப்புமாக வேலியிட்ட துண்டுகளில் நாலு சக்கரப் பெரிய இயந்திரம் திரும்ப இடமிராது. கிளுவையும் பூவரசும் நெருங்கி நிற்கும் ஒழுங்கைக்குள் அது நுழைவதே அரிது. இருசக்கர இயந்திரமோ படலையைத் திறந்துவிட்டால் வளவுக்குள் வந்துவிடும். உழுத பின் கலப்பையைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டினால் அதுவே வண்டி. வெங்காயமும் ஏறும், வைக்கோலும் ஏறும், கோயில் திருவிழாவுக்கு வீட்டாரும் ஏறுவர். ஒன்றே பல வேலைக்கு உதவுவதாற்றான் ஆபத்தும் பல வழியில் வருகிறது.

அவ்வாபத்துகளுள் முதலில் அறியவேண்டியது, பலரும் அறியாதது, இறக்கத்தில் இயந்திரம் எதிர்ப்புறமாகத் திரும்புவதாகும். இந்த இயந்திரத்துக்கு மோட்டார் வண்டியைப் போலத் திருப்பும் வளையம் இல்லை. ஒவ்வொரு கைபிடியின் கீழும் ஒரு நெம்புகோல் உண்டு. இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால் இடச் சக்கரத்துக்குச் செல்லும் எஞ்சினின் விசை அறுபடும். வலச் சக்கரம் மட்டும் இழுக்கும். ஆகவே இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சமநிலத்தில் இதுவே விதி. பெட்டி நிறையப் பாரத்துடன் இறக்கத்தில் வரும்போதோ நிலைமை தலைகீழாகிறது. அப்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. வண்டிதான் எஞ்சினைத் தள்ளுகிறது. சக்கரங்களை எஞ்சின் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வேளையில் இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால் இடச் சக்கரம் பிடி விட்டுத் தன்பாட்டில் ஓடும். வலச் சக்கரமோ பிடிபட்டு நிற்கும். இயந்திரம் வலப்பக்கமாகச் சட்டென்று திரும்பிவிடும். ஓட்டுபவன் திகைத்து இன்னும் இறுக அழுத்துவான். இயந்திரம் இன்னும் கூடுதலாகத் திரும்பும். கைபிடி அவன் விலாவில் மோத, பெட்டி சாய்ந்து கவிழும்.

யாழ்ப்பாணம் தட்டை நிலமாயிற்றே, இங்கே இறக்கம் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். மலை இல்லைதான். ஆனால் உயர்ந்த வீதியிலிருந்து வயலுக்கு இறங்கும் வழி இருக்கிறது. மதகின் மேட்டிலிருந்து இறங்கும் சரிவு இருக்கிறது. வாய்க்காலும் வரம்பும் இருக்கின்றன. பத்தடி இறக்கம் போதும். நாள்தோறும் மலைச்சரிவில் ஓட்டுபவன் இந்த விதியைப் பழக்கத்தால் அறிந்திருப்பான். ஆண்டு முழுதும் தட்டை நிலத்தில் ஓட்டிவிட்டு, அறுவடை நாளில் மட்டும் நெல்மூட்டையுடன் சரிவில் இறங்குபவனே அகப்பட்டுக்கொள்கிறான். செய்யவேண்டியது இதுதான்: சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சரிவில் பக்க நெம்புகோல்களைத் தொடாமல், கைபிடியை உடல் வலிமையால் தள்ளியே சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். வேகத்தைப் பெட்டியின் பிறேக்கால் அடக்க வேண்டும். இடையில் கியர் மாற்றுவதும் பிரதான கிளச்சை விடுவிப்பதும் கூடவே கூடா. அவை வண்டியை அவிழ்த்துவிட்டதற்குச் சமம்.

அடுத்தது ரொட்டவேற்றர் என்னும் சுழல் கலப்பை. மாட்டுக் கலப்பை மண்ணைப் பிளந்து செல்லும். இதன் வளைந்த கத்திகளோ ஒரு செக்கனில் மூன்று நான்கு தடவை சுழன்று மண்ணைக் கொத்திப் பொடியாக்குகின்றன. அவை ஓட்டுபவனின் காலுக்கு மிக அண்மையில் இருக்கின்றன. முன்னோக்கிச் செல்கையில் கத்தி அவனை விட்டு விலகிச் செல்கிறது. பின்னோக்கி எடுக்கையிலோ அவன் மீதே வருகிறது. வரம்பில் முட்டியதும் கத்தியை நிறுத்தாமல் பின்கியரைப் போட்டவன், சேற்றில் கால் புதைந்து பின்வாங்க முடியாமல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. புதிய இயந்திரங்கள் பலவற்றில், பின்கியர் விழும்போது கத்தி சுழலாதபடி ஒரு தடை அமைந்திருக்கிறது. கியர் இறுக்கமாக இருக்கிறதென்று அத்தடையைக் கழற்றி எறிவது பெரும் பேதைமை.

புத்தூர்ச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இருக்கிறது. சில இடங்களில் ஒரு முழ ஆழத்திலேயே கல் தட்டும். கிளம்பிவந்த கல் மண்ணுடன் கலந்து கிடக்கும். கத்தி கல்லில் அடிபட்டால் ஒன்றில் கத்தி முறியும், அல்லது கல் பறக்கும். ஆகையால் ரொட்டவேற்றரின் மேல்மூடியும் பின்தகடும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். உழும்போது பிள்ளைகள் பின்னால் வருவதையும் தடுக்க வேண்டும். கொக்கு வரும், அதனைத் தடுக்க முடியாது. கத்தியில் கோரைப்புல்லோ கொடியோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை முற்றாக நிறுத்திய பின்னரே கையால் எடுக்கலாம். கிளச்சை விலக்கிவிட்டேன், கத்தி நிற்கிறது என்று நம்பிக் கைவைத்தல் ஆகாது. தேய்ந்த கிளச் தானே பற்றிக்கொள்ளும்.

எஞ்சினைத் தொடக்கும் கம்பியைப் பற்றியும் ஒரு சொல். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கையாற் சுற்றும்போது அது சில வேளை எதிர்த்திசையில் உதைக்கும். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்கிப் பிடித்தவனுக்கு விரலோ மணிக்கட்டோ முறியும். ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்துப் பிடித்தால் கம்பி கையை விட்டு நழுவிப்போகும். அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் வேகமாகச் சுற்றி, வேகம் பிடித்ததும் அதனை விடுவதே முறை. சாரத்தை மடித்து இறுகக் கட்டியிருக்க வேண்டும். தோளில் சால்வை கூடாது. பெல்ற் மூடி இல்லாத இயந்திரத்தில் சாரத்தின் நுனி அகப்பட்டால், எஞ்சினுக்கு அது துணியென்றும் காலென்றும் தெரியாது.

இனிப் பராமரிப்பு. பிற நாட்டில் அச்சிட்ட கைநூல்கள் எண்ணெய், வடிகட்டி, பெல்ற் என்று வரிசையாகக் கூறும். அவை எல்லாம் சரியே. ஆனால் புத்தூரில் முதலிற் கவனிக்கவேண்டியது தண்ணீர். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவதால் சுண்ணாம்புச் சத்து மிக்கது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே எஞ்சினின் நீர்ச்சட்டையிலும் படிகிறது. அந்தப் படலம் சூட்டை வெளிவிடாது. எஞ்சின் சூடேறி, பிஸ்ரன் இறுகி, ஒருநாள் நின்றுவிடும். நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது யாவரும் அறிந்தது. அந்த உவர்ப்பு, வரட்சிக் காலத்தில் மிகுதியாக இறைத்த கிணறுகளிலும் தலைகாட்டுவதுண்டு. உவர்நீர் படலமும் விடும், இரும்பையும் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுப் பீலியிலிருந்து பிடித்துவைத்த நீர் இரண்டு கலன் இருந்தால் எஞ்சினுக்குப் பலநாள் போதும். அதுவும் இல்லையேல் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த பின் மேல்நீரை எடுக்கலாம். சூடேறிய எஞ்சினில் மூடியைத் திறப்பதும், வற்றிய தொட்டியில் குளிர்நீரை ஊற்றுவதும் ஆபத்தானவை. முன்னது முகத்தை வேகவைக்கும். பின்னது சிலிண்டரை வெடிக்கச்செய்யும்.

தண்ணீருக்கு அடுத்தபடியாகப் புழுதி. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன் புழுதியில் உழுது விதைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்நாளில் செம்புழுதி மேகம்போல் எழும். காற்று வடிகட்டியின் கிண்ணத்திலுள்ள எண்ணெய் ஒரே நாளில் குழம்பாகிவிடும். அக்காலத்தில் நாள்தோறும் அதனைக் கழுவி எண்ணெய் மாற்றாதவன், எஞ்சினுக்குள் அரத்தை விட்டு அராவுகிறான் என்றே கொள்ளவேண்டும். எஞ்சின் எண்ணெயின் அளவைக் காலையில், சமநிலத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஏறக்குறைய 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும். புதிய எஞ்சினுக்கு முதல் மாற்றம் இன்னும் விரைவில் வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் கியர்ப் பெட்டி எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பது நன்று. பால்போல் வெளிறியிருந்தால் அச்சின் எண்ணெய்க்காப்பு வழியே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெல்ற்றின் நடுவைப் பெருவிரலால் அழுத்தினால் ஒரு விரல் அகலம் வரை தாழ்தல் போதும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கி எரியும். மிக இறுகினால் தாங்கிகள் தேயும்.

டீசலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் கலக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1990 முதற் சில ஆண்டுகள் குடாநாட்டுக்குள் எரிபொருளும் உதிரிப்பாகமும் வருதல் கடுமையாகத் தடுக்கப்பட்டிருந்தது. அப்போது மோட்டார் சைக்கிள் முதல் நீரிறைக்கும் இயந்திரம் வரை மண்ணெண்ணெயில் ஓடின. முறிந்த பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகத்தைக் கராஜில் கடைந்தே பூட்டினர். அந்தக் கைத்திறன் போற்றத்தக்கது. ஆனால் வேறு வழியில்லாமற் செய்ததை வழி இருக்கும்போதும் செய்தல் பொருந்தாது. டீசல் எஞ்சினின் எரிபொருட் பம்புக்கு டீசலே மசகும் ஆகும். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பு விரைவில் தேயும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியதும் இந்த ஆசை பலரிடம் தானே தணிந்தது. டீசலை எதில் வாங்கினாலும் ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் தங்கும் நீரையும் அழுக்கையும் விட்டு, துணியால் வடித்து ஊற்ற வேண்டும். எரிபொருள் ஊற்றுபவர் வாயில் சுருட்டு இருக்கலாகாது.

வீதியிலே வேறொரு தொல்லை. பருத்தித்துறை வீதியில் பேருந்தும் லொறியும் விரையும் வேகத்துக்கும் லாண்ட்மாஸ்டரின் வேகத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. விளக்கில்லாத பெட்டி, பின்னால் வருபவன் கண்ணுக்கு மிக அண்மையில் வந்த பின்னரே தெரியும். பெட்டியின் பின்பலகையின் இரு கோடியிலும் ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடு அறைய அதிகச் செலவில்லை. வைக்கோல் ஏற்றும்போது அத்தகட்டை மறைத்துத் தொங்கவிடாதிருக்க வேண்டும். பெட்டி பூட்டிய இருசக்கர இயந்திரத்துக்கு மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் தனி வகுப்பிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. வயலில் ஓட்டத் தெரிந்த பதினான்கு வயதுப் பையனை வீதிக்கு அனுப்பும் தகப்பன்மார் இதனை அறிதல் நன்று. இரும்புச் சக்கரத்துடன் தார் வீதியில் ஏறுவது வீதிக்கும் கேடு, கியர்ப் பெட்டிக்கும் கேடு. படலையடியில் ரயருக்கு மாற்றிக்கொள்ள அரைமணி நேரம் போதும்.

பருவம் முடிந்து இயந்திரத்தைக் கொட்டிலில் விடும்போது சேற்றைக் கழுவி, கத்திகளின் ஆணிகளை இறுக்கி, கத்தியிலும் பெல்ற் படாத இரும்பிலும் பழைய எண்ணெய் பூசிவிடலாம். நீர்த்தொட்டியை வடித்துவிட்டுப் புகைக்குழாயின் வாயை ஒரு தகரப்பேணியால் மூடவேண்டும். அணிலும் குளவியும் அங்கே குடியேற விரும்புவன. மூன்று மாதம் கழித்துத் தொடக்கும்போது எஞ்சின் பிடிக்காவிட்டால், எரிபொருட் குழாயில் காற்றுப் புகுந்திருத்தல் கூடும். பம்பின் அருகிலுள்ள சிறிய திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்கிய பின் சுற்றிப் பார்க்க வேண்டும். கொட்டிலின் கதவு அப்போது திறந்தே இருக்கட்டும். மூடிய கொட்டிலுக்குள் தங்கும் எஞ்சின் புகை மூச்சை நிறுத்தும்.