நிலமும் ஓர் ஏடே

இங்கிலாந்திலே குடியேறி வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எம்மைக் கண்டு அளவளாவினர். ஆங்குள்ள சிற்றூர் ஒன்றின் அயலிலே புதிதாய் எழும் குடியிருப்பில் வீடொன்றுக்கு அவர் பெயர் பதிந்திருந்தார். “ஐயா, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே சிலர் வந்து, வெறும் வயலில் வரிவரியாய்க் குழி வெட்டிப் பார்த்தார்கள். கிடைத்தவை நாலைந்து ஓட்டுத்துண்டுகள். அதற்காக எங்கள் வீடு மாதக்கணக்கிற் பிந்திவிட்டது. இஃது என்ன நியாயம்?” என்று வினாவினர். அன்று எம்மால் தக்க விடை இறுக்க முடியவில்லை. பின்னர் நூல்களைப் பார்த்துத் தெளிந்தவற்றை இம்மலர் வாயிலாக அவர்க்கும் ஏனையோர்க்கும் உரைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் பார்ப்போர் கண்ணுக்குப் புற்றரையும் கோதுமை வயலுமாய் வெறுமையாகத் தோன்றும். ஆயின் அது பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் குடியிருந்த நிலம். உரோமர் வருமுன் வாழ்ந்தோரும், உரோமரும், பின்வந்த ஆங்கிலோ சக்சனியரும் ஆங்கே வீடு கட்டினர், வேலி கோலினர், கிணறு தோண்டினர், இறந்தோரைப் புதைத்தனர். அவர்தம் வீடுகளுட் பெரும்பாலன மரத்தாலும் மண்ணாலும் ஆயவை. ஆதலின் நிலத்தின்மேல் அவற்றின் சுவடு இல்லை. எனினும் நிலம் தான் பட்ட வடுவை மறப்பதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அகழி தூர்ந்தபோது அதனுள் நிரம்பிய மண், அயல்மண்ணினின்றும் நிறத்தாலும் ஈரத்தாலும் வேறுபட்டு நிற்கும். மரத்தூண் உக்கிப்போனவிடத்து வட்டமான கருங்கறை ஒன்று எஞ்சும்.

முன்னாளில் இவ்வடுக்கள் எத்துணையோ கேட்பாரின்றி அழிந்தன. 1989ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக நிலம் வெட்டியபோது, 1587இல் எழுந்ததும் சேக்ஸ்பியரின் நாடகங்கள் நடிக்கப்பெற்றதுமான றோஸ் அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. நடிகரும் பொதுமக்களும் திரண்டு நின்று அதனைக் காக்க முயன்றனர். முடிவிற் கட்டடத்தின் அமைப்பை மாற்றி, அவ்வெச்சத்தை அதன் கீழே பேணினர். அனுமதி கொடுத்தபின் இங்ஙனம் இடருறுவதினும், கொடுக்குமுன்னரே நிலத்துள் யாதுளது என அறிதல் நன்றன்றோ? அடுத்த ஆண்டாகிய 1990இன் நவம்பர் மாதத்தில், தொல்பொருளும் கட்டடத் திட்டமும் பற்றிய அரசினர் வழிகாட்டி வெளியாயிற்று. நிலத்தைக் குலைப்பவரே அதனை ஆராயும் செலவையும் ஏற்றல் வேண்டும் என்னும் நெறி அதனால் வேரூன்றியது. அவ்வழிகாட்டி 2010இல் நீங்கிற்று. ஆயினும் 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கையும் அந்நெறியையே தழுவிற்று.

ஆய்வு அகழ்வுடன் தொடங்குவதன்று. முதற்கண் பழைய நிலப்படங்களையும், மாவட்டந்தோறும் பேணப்படும் தொல்பொருட் பதிவேடுகளையும், வானிலிருந்து எடுத்த நிழற்படங்களையும் பார்ப்பர். கோடை வறட்சியிலே, தூர்ந்த அகழியின்மேல் நிற்கும் பயிர் ஈரம் பெற்று உயர்ந்து பசுமையாய்த் தோன்றும். புதைந்த சுவரின்மேல் நிற்பது குன்றி மஞ்சளிக்கும். வில்ற்ஷயர் மாவட்டத்து வுட்ஹெஞ்ச் என்னும் மரத்தூண் வட்டம் 1925இல் இவ்வாறே விமானி ஒருவரின் கண்ணிற்பட்டது. அடுத்துக் காந்தமானி ஏந்தி வயல்முழுதும் வரிசை வரிசையாய் நடப்பர். அடுப்பும் சூளையும் தூர்ந்த அகழியும் அயல்நிலத்தினின்றும் சிறிதே வேறான காந்தத்தன்மை உடையன. ஆதலின் மண்ணை வெட்டாமலே ஒரு படம் கிடைத்துவிடும்.

அதன்பின்னரே குழி வெட்டுவர். 10 ஹெக்டேயர் வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அஃது ஏறத்தாழ 25 ஏக்கர். நம்மவர் கணக்கில் 400 பரப்பு. அதில் நூற்றுக்கு 4 பங்கைத் திறந்து பார்ப்பதாயின், 50 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் உடைய குழிகள் 40 வேண்டும். பெக்கோ என நம்மவர் வழங்கும் இயந்திரம், பல்லில்லாத அகன்ற வாளியால் மேன்மண்ணை மெல்ல வழித்தெடுக்கும். அருகே நிற்கும் ஆய்வாளர் கண்கொட்டாது நோக்குவர். உழுமண் நீங்கி, மனிதன் கைபடாத அடிநிலம் தோன்றியவுடன் இயந்திரம் நிற்கும். ஆங்கே கருங்கறை தென்படின், மேசன்மார் கையாளும் கரண்டி போன்ற சிறு கருவியாற் கையால் அகழ்வர். கறையின் பாதியையே முதலில் தோண்டுவர். எஞ்சிய பாதியின் வெட்டுமுகத்தில் மண் படிந்த முறை படைபடையாய்த் தெரியும். ஒவ்வொரு படைக்கும் எண்ணிட்டு, அளந்து, வரைந்து, படம்பிடிப்பர். அதிற் கிடந்த ஓட்டுத்துண்டு அப்படையின் காலத்தைக் கூறும். எம் மாணவர் எள்ளிய ஓட்டுத்துண்டின் பயன் இதுவே.

தமிழாசிரியராகிய எமக்கு இவ்விடத்து ஏட்டுச்சுவடிகளே நினைவுக்கு வருகின்றன. செல்லரித்து மடியவிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் இலரேல், நம் பழந்தமிழ் நூல்கள் பல இன்று நம்மிடை இரா. நிலமும் ஓர் ஏடே. ஆயின் பனையேட்டைப் பன்முறை படிக்கலாம். மண்ணேட்டை ஒருமுறையே படிக்கலாம். அகழ்பவர் தாம் படிக்கும் வரியைப் படிக்கும்போதே அழித்துச் செல்கின்றார். பின்னர் அவர் எழுதிவைத்த குறிப்பே மூலமாய் நிற்கும். இதனாலேயே முழுவதையும் தோண்டாது, சில வரிகளை மட்டும் பார்த்து, மேற்செய்யவேண்டியதைத் துணிகின்றனர். ஒன்றுமில்லையெனிற் கட்டலாம். அரியது இருப்பின் வீடுகளின் இடத்தை மாற்றி, அதன்மேற் புற்றரை அமைத்து, மண்ணுள்ளேயே விட்டுவைப்பர்; சிறந்த வழி இதுவே. அதற்கு இயலாவிடின், கட்டுமுன் முழுதும் அகழ்ந்து பதிந்துகொள்வர்.

இங்ஙனம் அகழ்ந்து பெற்ற பேறுகள் சிறியனவல்ல. கேம்பிறிஜ் நகரின் தெற்கே றம்பிங்ரன் என்னுமிடத்தில், வீடுகள் எழவிருந்த நிலத்தை 2011இல் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 16 வயதுடைய பெண்ணொருத்தி கட்டிலோடு புதைக்கப்பட்டிருக்கக் கண்டனர். அவளிடம் செம்மணி பதித்த பொற்சிலுவை ஒன்றிருந்தது. ஆங்கிலேயர் கிறித்தவ சமயத்தைத் தழுவத் தொடங்கிய 7ஆம் நூற்றாண்டு அது. அம்மாவட்டத்து விற்றில்சி என்னும் ஊரின் அயலே, செங்கல்லுக்கு மண்ணெடுக்கும் மஸ்ற் பாம் என்னும் இடத்தில், 1999இல் மரத்தூண்கள் சில தலைகாட்டின. 2004இலும் 2006இலும் சிறு குழிகள் வெட்டிப் பார்த்தனர். 2015இலும் 2016இலும் விரிவாய் அகழ்ந்தனர். கி.மு. 850 அளவிலே ஆற்றின்மேற் கால்நாட்டிக் கட்டிய வீடுகள், கட்டி ஏறத்தாழ ஓராண்டுக்குள் எரிந்து சேற்றுள் வீழ்ந்த செய்தி வெளிப்பட்டது. காற்றுப் புகாத அச்சேற்றில் துணியும் நூலும் மரப்பொருள்களும் உக்காதிருந்தன. கிண்ணம் ஒன்றிற் கஞ்சி போன்ற உணவும், அதனைக் கிளறிய மரத்துடுப்பும் கிடந்தன. எந்த வரலாற்று நூலும் எழுதாத ஒரு வேளை உணவு அது.

இம்முறையிற் குறைகளும் உள. 4 பங்கைப் பார்ப்பவர் 96 பங்கைப் பாராது விடுகின்றனர். இரு குழிகளுக்கிடையே சிறு இடுகாடு ஒன்று தப்பிக் கிடத்தல் கூடும். எழுதிய அறிக்கைகள் பல படிப்பாரின்றி உறங்குகின்றன. செலவு முடிவில் வீடு வாங்குபவர் தலையிற் சாரவும் கூடும். ஆதலின் எம் மாணவரின் மனக்குறையை யாம் எளிதெனத் தள்ளவில்லை. ஆயினும் பார்த்தபின் ஒன்றுமில்லை என்பது வேறு. பாராமலே ஒன்றுமில்லை என்பது வேறு. முன்னையது அறிவு, பின்னையது அறியாமை. அவர் இழந்த மாதங்கள் மீளா என்பது உண்மை. ஆனால் பாராமல் அழித்த ஏடும் எக்காலத்தும் மீளாது.

அவ்வயலைப் பற்றிய அறிக்கையின் படியொன்றை மாவட்டப் பதிவகத்திற் கேட்டுப் பெற்று வாசிக்குமாறு அவர்க்கு எழுதியுள்ளோம். தாம் குடிபுகும் நிலத்தில் முன்பு யார் அடுப்பெரித்தனர் என்பதை அறிந்து குடிபுகுதல் நன்றன்றோ?

மாணவர்காள்! நிறைவிழாக் காணும் நம் கல்லூரியிலும் படிக்கப்படாத ஏடுகள் உள. பழைய இடாப்புகளும் நிழற்படங்களும் அலுமாரிகளில் உக்கிக் கிடக்கின்றன. புதுக் கட்டடத்துக்கு இடம்வேண்டி அவற்றை அகற்றுமுன், ஒருமுறை திறந்து பார்த்துக் குறித்துவைப்பீராக.