குயினோலீன் சேர்வைகளும் முறைக்காய்ச்சலும்

நுவரெலியாவுக்குச் செல்வோர் அக்கலைப் பூந்தோட்டத்தின் மலர்களைக் கண்டு களித்து மீளுவர். 1861 ஆம் ஆண்டிலே அத்தோட்டம் தொடங்கப்பெற்றது மலர்களுக்காக அன்று, சிங்கோனா என்னும் மரத்துக்காகவே என்பதை அறிந்தோர் அவருட் சிலரே. தென்னமெரிக்க மலைச்சாரலுக்குரிய அம்மரத்தின் பட்டை முறைக்காய்ச்சலைத் தணிக்கும் இயல்பினது. அப்பட்டையிலிருந்து 1820 இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்த பொருளே குயினைன். நம் முதியோர் அதனைக் ‘கொயினா’ என்பர். கோப்பிச் செடிகள் நோயால் அழிந்தபின், தோட்டத்துரைமார் சிங்கோனாவைப் பெருவாரியாக நட்டனர். பட்டை சந்தையில் மலிந்தது, விலை வீழ்ந்தது, மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டனர். குயினைன் மிகுந்த இனத்தைச் சாவகத்தில் வளர்த்த ஒல்லாந்தர் அவ்வாணிகத்தைத் தம் கையிற் கொண்டனர்.

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் தொடங்கிய கொள்ளைநோய் சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. வன்னி போன்ற வறண்ட நிலத்தவர் சிறுவயது முதலே இக்காய்ச்சலோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்தாருக்கு அது வாய்க்கவில்லை. பஞ்சமும் உடன்சேர்ந்தது. தீவகத்தார் பலர் அக்காலத்தில் தென்பகுதிகளிற் கடை வைத்து வாழ்ந்தவராதலின், இது நமக்கு அயலார் கதையன்று.

இனிக் குயினோலீன் யாதென நோக்குவோம். ஆறு காபன் அணுக்களாலான பென்சீன் வளையமும், காபன் ஒன்றின் இடத்தில் நைதரசன் அமைந்த பிரிடீன் வளையமும் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு இணைந்ததே அது. 1834 இல் உருங்கே என்பார் நிலக்கரித்தாரிலிருந்து அதனைப் பெற்றார். 1842 இல் கெராட்டு என்பார் குயினைன் முதலிய மரப்பொருள்களைக் காரத்துடன் சூடாக்கிப் பெற்றதும் அதுவே. கரித்தாரிலும் மரப்பட்டையிலும் ஒரே எலும்புக்கூடு இருப்பின், மரத்தை நம்பியிருப்பானேன்? இவ்வெண்ணம் வேதியியலாரை விட்டபாடில்லை. 1856 இல் பதினெட்டு வயது இளைஞனாகிய பேர்க்கின் குயினைனை ஆக்க முயன்றான், கிடைத்ததோ ஊதாச்சாயம். அவன் செல்வனானான், காய்ச்சற்காரனுக்குப் பயனில்லை.

இலங்கையிற் கொள்ளைநோய் மூண்ட அதே 1934 இல், செருமனியில் அண்டர்சாகு என்பார் குளோரோகுயினைத் தொகுத்தார். ஆனால் அது நச்சுத்தன்மை மிக்கதெனத் தவறாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கர் மீண்டும் ஆராய்ந்த பின்னரே அதன் அருமை விளங்கிற்று.

அது செயற்படும் முறை வியப்புக்குரியது. ஒட்டுண்ணி நம் செங்குழியத்தினுட் புகுந்து ஈமோகுளோபினைத் தின்கின்றது. தின்றது போக எஞ்சும் ஈம் என்னும் இரும்புச் சேர்வை அதற்கே நஞ்சு. ஆகவே ஒட்டுண்ணி அதனைத் தீங்கற்ற பளிங்காக உறையச் செய்துவிடும். குளோரோகுயின் ஒரு காரம், அமிலத்தன்மையுடைய ஒட்டுண்ணியின் உணவுப்பைக்குட் புகுந்ததும் ஐதரசன் அயன்களை ஏற்று வெளியேற இயலாது அங்கேயே திரளும், பளிங்காதலையும் தடுக்கும். தன் எச்சிலே தனக்கு நஞ்சாகி ஒட்டுண்ணி மாயும். எனினும் ஒட்டுண்ணியும் வாளா இருக்கவில்லை. உணவுப்பையின் சவ்விலுள்ள புரதமொன்று மாறுதலடைந்து மருந்தை வெளியே தள்ளும் ஆற்றல் பெற்றது. அத்தகைய பல்சிபாரம் ஒட்டுண்ணி இலங்கையில் 1984 இல் அறியப்பட்டது.

வைவாக்சு என்னும் மற்றோர் இனம் ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் குருதிக்குள் வரும். இதற்குக் குளோரோகுயின் போதாது. பக்கச்சங்கிலியை நான்காம் இடத்தினின்று எட்டாம் இடத்துக்கு மாற்றியமைத்த பிரைமாகுயின் வேண்டும். பதினான்கு நாள் உட்கொள்ளவேண்டிய இம்மருந்தை, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோர் பலர். நோய் மீளுவது இதனாலேயே. குருதியிற் குறிப்பிட்ட நொதியம் குறைந்த பிறவியுடையோர்க்கு இது செங்குழியங்களைச் சிதைக்குமாதலின், சோதித்தே கொடுத்தல் வேண்டும். ஒரே வேளையில் உட்கொள்ளத்தக்க தபனோகுயின் என்னும் இவ்வினத்து மருந்து 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மருந்தும் நுளம்புக்கொல்லியும் சேர்ந்து 1963 இல் நாடு முழுவதிலும் நோயாளரைப் பதினேழாகக் குறைத்தன. விழிப்புத் தளர்ந்தது, 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அதன்பின் நெடுங்காலம் உழைத்தே 2012 ஒற்றோபருடன் உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செத்தெம்பர் 5 இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு திசெம்பரில், இந்திய நகரங்களில் இந்நோயைப் பரப்பும் இசுடெபன்சி என்னும் நுளம்பு மன்னாரில் முதன்முதற் காணப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது ஆற்றையும் குட்டையையும் தேடி அலைவதில்லை. கட்டுக்கிணறு போதும். புளியங்கூடலில் எத்தனை வளவுகளில் அத்தகைய கிணறுகள் உள்ளன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பிறநாடுகளிலிருந்து காய்ச்சலோடு வருவோர் இன்னும் உளர். அவர் குருதியைக் காலந்தாழ்த்தாது சோதிப்பதும், புழுக்களை உண்ணும் சிறுமீன்களைக் கிணற்றில் விடுவதும் நம்மால் இயலும் காரியங்களே.