வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த சிம்? பெற்றோர் கணக்குப் பார்க்க வேண்டிய செய்திகள்

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் கல்விக் கட்டணம், விசா, விமானச் சீட்டு, வாடகை என எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகின்றன. கைப்பேசிச் சேவையை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஊரிலிருந்து கொண்டுபோன சிம்மிலேயே விமான நிலையத்தில் இணையத்தைத் திறப்பது, முதல் வாரத்திலேயே கண்ணில் பட்ட கடையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்று பணம் கரைவது அங்கேதான். நகையை அடகு வைத்தும் கல்விக்கடன் வாங்கியும் அனுப்பும் வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல. வீண்விரயத்தைக் குர்ஆன் (17:26-27) எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நம் பிள்ளைகள் அதிகம் செல்லும் நாடுகளில் ஒன்றான பிரிட்டனை முன்வைத்து இதை விளக்குவோம். மற்ற நாடுகளுக்கும் இதன் அடிப்படைகள் பொருந்தும். வேறுபடும் இடங்களைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் ஊர் சிம்

புதிய சிம்மைப் பற்றி யோசிக்கும் முன் பழைய சிம்மைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் வங்கிக் கணக்கு, ஆதார், கல்விக்கடன், வாட்ஸ்அப் எல்லாம் அந்த இந்திய எண்ணோடு இணைந்திருக்கின்றன. அந்த எண் செயலிழந்தால் ஓடிபி வராது. சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படவும் கூடும். அப்போது நம் வங்கிச் செய்திகள் அந்நியர் ஒருவரின் கைக்குப் போகும்.

எனவே புறப்படும் முன் செய்ய வேண்டியவை:

• சர்வதேச ரோமிங் வசதியை இங்கிருக்கும்போதே இயக்கிவிட வேண்டும். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனாலும் உங்கள் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள்.

• அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்க வேண்டும். அதில் வரும் அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

• ரீசார்ஜ் விடுபடக் கூடாது. இணையம் தேவைப்படாதவர்களுக்காகக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. இத்தகைய திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. வெளிநாட்டில் சும்மா கிடக்கும் சிம்முக்கு மாதாமாதம் டேட்டா திட்டம் போடுவதைவிட இது சிக்கனம்.

• வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பின் எண்ணை அமைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. இந்திய எண்ணிலேயே அங்கும் இயங்கும்.

இந்த சிம்மை அங்கே தொலைத்துவிட்டால் மாற்று சிம் பெற, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். கைப்பேசியைவிட இந்தச் சிறு அட்டையைக் கவனமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைப்பேசி இங்கே, சேவை அங்கே

இரண்டு சிம் போடக்கூடிய கைப்பேசியை ஊரிலேயே வாங்கிச் செல்வது நல்லது. ஒன்றில் ஊர் எண், மற்றதில் அந்நாட்டு எண். பிரிட்டனில் 3ஜி சேவை 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக மூடப்பட்டு வந்துள்ளது. அதனால் 4ஜி வழியே குரல் அழைப்பு பேசும் வசதி கைப்பேசியில் இருக்க வேண்டும். மிகப் பழைய கைப்பேசியைக் கொடுத்தனுப்பினால் இணையம் வரும், அழைப்பு சரியாக வராது.

அடுத்து, அங்குள்ள சேவை. பிரிட்டனில் சொந்தக் கோபுரங்கள் கொண்ட வலைப்பின்னல்கள் நான்கு: ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ. இவற்றில் கடைசி இரண்டும் 2025இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. இந்தக் கோபுரங்களை வாடகைக்கு எடுத்துச் சேவை தரும் நிறுவனங்கள் வேறு பல உண்டு. கிஃப்காஃப் ஓ2 வலைப்பின்னலிலும், லெபாரா வோடஃபோன் வலைப்பின்னலிலும், ஸ்மார்ட்டி த்ரீ வலைப்பின்னலிலும் இயங்குகின்றன. கடையும் விளம்பரமும் குறைவு என்பதால் இவற்றின் விலையும் குறைவாக இருக்கும். சிம் மட்டும் வாங்கும் திட்டங்கள் மாதம் 10 பவுண்டுக்குள்ளேயே பல கிடைக்கின்றன.

லெபாராவைத் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர் மூவர். அந்தப் பெயரே அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளால் ஆனது. லைகாவைத் தொடங்கியவரும் இலங்கைத் தமிழரே. புலம்பெயர்ந்தோர் ஊருக்குப் பேசும் தேவையிலிருந்து வளர்ந்த நிறுவனங்கள் இவை. ஆயினும் நம்மவர் தொடங்கியது என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிள்ளை தங்கும் அறையில் எந்த வலைப்பின்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதே முதல் கேள்வி. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் இது தெரிந்துவிடும். அதற்கு அடுத்ததுதான் விலை.

எவ்வளவு டேட்டா வேண்டும்? விடுதியில் வைஃபை இருக்கும். பல்கலைக்கழக வளாகங்களில் எடுரோம் என்ற வைஃபை இருக்கும். வெளியே வழி பார்க்கவும், பேருந்து நேரம் பார்க்கவும், செய்தி அனுப்பவும்தான் சிம்மின் டேட்டா செலவாகும். முதல் மாதம் சிறிய திட்டம் ஒன்றை எடுத்து, எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய திட்டத்தில் தொடங்கி, மிச்சத்தை வீணாக்குவதைவிட இது மேல்.

ஒப்பந்தம் என்பது அமானிதம்

நாம் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். கைப்பேசியோடு சேர்த்துத் தரும் மாதக் கட்டண ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 அல்லது 36 மாதங்களுக்கானவை. பிரிட்டனில் முதுகலைப் படிப்போ பெரும்பாலும் ஒரே ஆண்டு. மாதம் 30 பவுண்டுக்கு 24 மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்தில் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் பிள்ளையின் தலையில் இன்னும் 360 பவுண்டு நிற்கும்.

"ஊருக்கு வந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது குர்ஆனின் (5:1) கட்டளை. எதிர்த்தரப்பு முஸ்லிமா, அல்லவா, தனிமனிதரா, பெரு நிறுவனமா என்று அதில் பாகுபாடு இல்லை. செலுத்தாத பாக்கி கடன்தான். கடனோடு மரணிப்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உலகக் கணக்கிலும் இது இழப்புதான். அந்நாட்டில் கடன் வரலாறு கெட்டால், பின்னர் அங்கே வேலைக்குப் போகும்போது வீடு வாடகைக்கு எடுப்பதில்கூடச் சிக்கல் வரலாம்.

எனவே மாணவருக்குப் பொருத்தமானது 30 நாள் திட்டம் அல்லது ப்ரீபெய்ட். இதற்குக் கடன் வரலாற்றுச் சோதனை பெரும்பாலும் இல்லை. வேண்டாமென்றால் அடுத்த மாதமே நிறுத்தலாம். எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றவும் அங்கே எளிய வழி உண்டு. 65075 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'பிஏசி' என்ற மூன்று எழுத்துகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் மாற்றுக் குறியீடு வரும். அது 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும்.

விலை தெளிவாகத் தெரியாத வியாபாரத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' என்ற தலைப்பில் எச்சரிக்கின்றன. அந்தக் கண்ணோடு விளம்பரத்தைப் படிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்போம். முதல் 3 மாதம் 5 பவுண்டு, பிறகு 12 பவுண்டு என்று ஒரு திட்டம். எல்லா மாதமும் 8 பவுண்டு என்று இன்னொன்று. முதலாவது மலிவாகத் தெரியும். ஆண்டுக் கணக்கு போட்டால் முதலாவது 123 பவுண்டு, இரண்டாவது 96 பவுண்டு. எந்தத் திட்டத்தையும் 12 மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், இடையில் விலை உயரும் என்றால் எவ்வளவு உயரும் என்பதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது ஆஃப்காமின் விதி. அந்த வரியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். 'அளவில்லாத' என்று எழுதியிருந்தாலும் நியாயமான பயன்பாட்டு வரம்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கலாம்.

இன்னொன்று: விடுமுறையில் பிரிட்டனிலிருந்து உம்ராவுக்குச் செல்லும் மாணவர்கள் பலர். பிரிட்டன் சிம்மை சவூதியில் அப்படியே பயன்படுத்தினால் ரோமிங் கட்டணம் ஏறிவிடும். பயண ஈசிம் ஒன்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது.

உம்மாவிடம் பேசுவது எப்படி?

வாட்ஸ்அப் இருக்கும்போது தனிக் கட்டணம் எதற்கு என்று கேட்கலாம். பெற்றோர் இருவரிடமும் இணையக் கைப்பேசி இருந்தால் அது போதும். காணொளி அழைப்பைவிடக் குரல் அழைப்புக்கு டேட்டா மிகக் குறைவு. அழைப்புக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் தேர்வும் வாட்ஸ்அப் அமைப்பிலேயே இருக்கிறது.

ஆனால் பட்டன் கைப்பேசி மட்டுமே பழக்கப்பட்ட பாட்டிமார்கள் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அவர்களிடம் பேச, இந்தியாவுக்குக் குறிப்பிட்ட நிமிடங்கள் சேர்த்துத் தரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நிமிடங்கள் கைப்பேசி எண்ணுக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். பேரனின் குரலை எதிர்பார்த்திருக்கும் பாட்டியிடம் வாரம் இருமுறை பேசுவதும் உறவைச் சேர்ந்து வாழ்வதில் அடங்கும். அதற்கு ஆகும் செலவு வீண்செலவு ஆகாது.

நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே மஃக்ரிப் வந்துவிடும். அதாவது, நாம் இரவு 9.20க்கு அழைத்தால் அது பிள்ளையின் தொழுகை நேரம். எடுக்கவில்லை என்று பதறி, பத்து முறை அழைக்க வேண்டாம்.

மற்ற நாடுகளில்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை உண்டு. போட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளையே பயன்படுத்த வேண்டும். சீனாவில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டுள்ளது, வீசாட்தான் வழி. ரஷ்யாவில் 2025 ஆகஸ்ட் முதல் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. மருத்துவம் படிக்க இந்நாடுகளுக்கு அனுப்பும் பெற்றோர், பிள்ளை புறப்படும் முன்பே மாற்று வழியைத் தங்கள் கைப்பேசியிலும் நிறுவிப் பழகிக்கொள்ள வேண்டும். சவூதியில் சிம் வாங்கக் கைரேகைப் பதிவு தேவை. மலேசியாவில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

எந்த நாடானாலும் ஒன்று பொது: தன் பெயரில் எடுத்த சிம்மைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. சிறு தொகை தருகிறேன் என்று கேட்பவர் அதை மோசடிக்குப் பயன்படுத்தினால், விசாரணை வருவது நம் பிள்ளையின் அறைக்குத்தான்.

பதற்றத்தை விலை பேசுபவர்கள்

"உங்கள் மகன் போலீஸ் பிடியில் இருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்" என்று பெற்றோரை அழைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. பிள்ளையின் குரலைப் போலவே போலிக் குரல் உருவாக்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை (49:6).

குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அறைத் தோழர், பல்கலைக்கழக அலுவலகம், அருகிலுள்ள பள்ளிவாசல் ஆகியவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பிரிட்டனில் இருக்கும் பிள்ளைக்கு அவசர உதவி எண் 999. பேலன்ஸ் இல்லாவிட்டாலும் இந்த அழைப்பு செல்லும்.

மொத்தத்தில், ஊர் எண்ணை உயிரோடு வைத்திருப்பது, அங்கே 30 நாள் சிம் எடுப்பது, ஆண்டுக் கணக்கு போட்டு ஒப்பிடுவது, பாக்கி வைக்காமல் திரும்புவது ஆகிய நான்கையும் கடைப்பிடித்தால் பெரும்பாலான செலவையும் சிக்கலையும் தவிர்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். இந்த வாரமே பிள்ளையோடு அமர்ந்து, இதை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

தூர தேசங்களில் கல்வி தேடும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் வல்ல ரஹ்மான் பாதுகாத்து, பயனுள்ள கல்வியோடு அவர்களைப் பெற்றோரிடம் திரும்பச் சேர்ப்பானாக! ஆமீன்.