அரியணை உரிமையற்ற திருவிதாங்கூர் கர்னல்

புதுதில்லி: இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் 1971 ஏப்ரல் 30-ல் விமான விபத்தில் மாண்டவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. பூஞ்ஞார் அரச குடும்பத்தில் 1908-ல் பிறந்த இவர், 1934-ல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கையை மணந்தார். மருமக்கள்தாய முறையில் மன்னரின் மைத்துனருக்கு அரியணையில் உரிமை ஏதுமில்லை. அவருடைய புதல்வருக்கே உண்டு. அப்புதல்வர் மூலம் திருநாள் ராமவர்மா 2013-ல் குடும்பத் தலைவரானார்.

கர்னல் பட்டம் சமஸ்தானப் படை தந்தது. நாட்டமோ வானில். வலியசாலையிலிருந்து சில கி.மீ. தொலைவிலுள்ள திருவனந்தபுரம் விமான நிலையம் அவரது முயற்சியில் உருவானது. 1935 நவம்பர் 1-ல் டாடா அஞ்சல் விமானம் அங்கிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. கேரள விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவரும் அவரே. அவர் பிறந்த அக்டோபர் 13, அம்மாநிலத்தின் விளையாட்டு தினம். பணியாற்றிய படையைத்தான் பலரும் மறந்தனர். அதன் நாயர் காலாட்படை, மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியனாயிற்று.