கல்வராயன் மலைக்கு விடுதலை எந்த ஆண்டு?

ஆசிய நாடுகளின் நவீன வரலாறு பெரும்பாலும் தேசியக் கொடி ஏறிய நாள்களைக் கொண்டே எழுதப்படுகிறது. உழுபவருக்கு நிலம் எப்போது உரிமையானது என்று கேட்டால் ஆண்டுகள் மாறிவிடுகின்றன. ஜப்பானில் 1946ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தம் குத்தகை உழவர்களை நில உடைமையாளர்களாக்கியது. நேபாளம் பிர்தா நிலமுறையை 1959இல் ஒழித்தும், கமையா கொத்தடிமைகள் 2000ஆம் ஆண்டில்தான் விடுவிக்கப்பட்டனர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு அந்த ஆண்டு எது?

ஜமீன்களை ஒழிக்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1948இல் இயற்றியது. ஆயினும் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகிர்கள் மலையில் நீடித்தன. மலையாளிப் பழங்குடியினர் ஏருக்கும் மண்வெட்டிக்கும் வரி செலுத்தினர். ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். 1976 ஜூன் 25 அன்றுதான் ஜாகிர்கள் அரசின் வசமாயின. அப்போது நெருக்கடிநிலை நடப்பில் இருந்தது. தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் இருந்தது. இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஜாகிர்தார் விலகியதும் நிலம் தானாக உழுபவருக்கு வந்துவிடவில்லை. தலைமுறைகளாக உழுதவரிடம் பட்டா இல்லை. வனத்துறையின் எல்லைக்குள் உழுதவர் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டார். இந்த அநீதியைச் சரிசெய்யவே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். தமிழ்நாட்டிலோ, உயர் நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாதென 2008இல் பிறந்த உத்தரவு, உச்ச நீதிமன்றம் 2016இல் அதை நீக்கும்வரை சட்டத்தை முடக்கிவைத்தது.

இச்சட்டத்தில் தலித்துகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. பழங்குடியல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஆவணங்களை அதிகாரத்தில் இருந்தவர்களே வைத்திருந்த ஒரு சமூகத்தில், ஆவணமில்லாமையை உழைத்தவரின் குறையாகக் கொள்வது நீதியன்று. விதி 13 இதற்கு வழி தருகிறது: மூத்தோரின் எழுத்துமூல வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு ஆகியனவும் சான்றுகளாகும். காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் மனுவைத் தள்ளுபடி செய்வதை நாம் ஏற்கக் கூடாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியது. அதுவரை சாராய ஊறல் தேடும் இடமாக மட்டுமே இம்மலையைப் பொதுச்சமூகம் கண்டது. நில உரிமை மறுக்கப்பட்ட வரலாற்றைப் பேசாமல் சாராயத்தை மட்டும் பேசுவது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும்.

நாம் கோருவது சட்டத்தில் உள்ளதையே. உரிமை கோரலைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்குரியது. ஊர்தோறும் அது கூட்டப்பட வேண்டும். நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாதென்ற பிரிவு 4(5) மதிக்கப்பட வேண்டும். இவை நிறைவேறும் ஆண்டையே கல்வராயன் மலையின் விடுதலை ஆண்டாக நாம் எழுத இயலும்.