முன்வரிசை சோபாவில் யார்? சபாக்களில் நடக்கும் இன்னொரு நாடகம்!

சென்னையில் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு நாடகம் பார்க்கிறார்கள். ஒன்று மேடையில் நடப்பது. அதற்கு டிக்கெட் உண்டு. இன்னொன்று முன்வரிசையில் நடப்பது. அது இலவசம்!

தி.நகர் வாணி மகால் ஆகட்டும், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா ஆகட்டும், வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றால் போதும். "யாரோ வர்றாங்க போலிருக்கு" என்ற பேச்சு கான்டீன் வரைக்கும் போய்விடும். போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவருகிறவர்களும் உண்டு.

வருவது சினிமா நட்சத்திரமா, மந்திரியா, கிரிக்கெட் வீரரா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் மேடைக்குப் பின்னால் பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வரப்போகும் அந்த ஒரு ஆள் சிரித்தால் சபையே சிரிக்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் தீர்ந்தது கதை!

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பல பேருடைய தலையெழுத்தை மாற்றியதே, மேடைக்கு எதிரே இருந்த அந்த நாற்காலிதான்.

பெரியார் வைத்த பெயர்

1940-களில் அறிஞர் அண்ணா, "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" என்று ஒரு நாடகம் எழுதினார். சென்னையில் சுயமரியாதை மாநாட்டில் நடிப்பதற்காகத் தயாரான நாடகம் அது. சிவாஜி வேடத்தில் நடிப்பதாக இருந்தவர் எம்.ஜி.ஆர். அது நடக்காமல் போயிற்று.

வேறு ஆள் வேண்டும். வி.சி.கணேசன் என்ற ஒல்லி வாலிபருக்கு அந்த வேடம் கிடைத்தது. அண்ணாவும் காகபட்டர் வேடத்தில் நடித்தார்.

பார்வையாளர்களில் பெரியார் இருந்தார். பையனின் நடிப்பைப் பார்த்தார். இனிமேல் இவர் "சிவாஜி" கணேசன் என்று அறிவித்தார். ராஜாக்கள் கொடுக்கும் பட்டத்தைவிட அது நிலைத்தது. சொந்தப் பெயரின் "வி.சி." மறைந்து, வேடத்தின் பெயரே ஆளின் பெயர் ஆயிற்று.

கணேசனை மேடையில் பார்த்து வைத்திருந்த இன்னொருவர் வேலூர் பட அதிபர் பி.ஏ.பெருமாள் முதலியார். "நூர்ஜகான்" நாடகத்தில் நூர்ஜகானாகவே பெண் வேடத்தில் வந்த கணேசனை அவர் மறக்கவில்லை. "பராசக்தி" படம் எடுக்கும்போது, "இவரா கதாநாயகன்?" என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆள் ஒல்லி, வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். பெருமாள் மசியவில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

அவருக்கும் முன்னால் பாகவதர். எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் "பவளக்கொடி" நாடகத்தில் ஜோடியாக நடித்தார்கள். அதை டைரக்டர் கே.சுப்பிரமணியம் பார்த்தார். 1934-ல் அதே கதை, அதே ஜோடி சினிமாவாயிற்று. பாகவதரின் முதல் படம் அது.

எதிர்க்கட்சிக்காரர் கைதட்டினார்

வேண்டியவர்கள் வந்து பாராட்டுவது பெரிய விஷயம் இல்லை. வேண்டாதவர் வந்து பாராட்டினால்?

கே.ஆர்.ராமசாமியின் நாடகக் குழுவுக்காக அண்ணா எழுதிக்கொடுத்தது "ஓர் இரவு". அதைப் பார்க்க வந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. அவர் காங்கிரஸ்காரர், அண்ணாவுக்கு அரசியலில் நேர் எதிர். ஆனாலும் பார்த்துவிட்டு, பெர்னாட்ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். 1951-ல் "ஓர் இரவு" படமாகவும் வந்தது. நல்ல வசனத்துக்குக் கட்சி கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரெயில்வே குமாஸ்தா

ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அது நாகேஷ் கதை.

நாகேஷ் அப்போது ரெயில்வேயில் குமாஸ்தா. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். முகத்தில் அம்மைத் தழும்பு. நாடகத்தில் கேட்டு வாங்கிய வேடம், வயிற்றுவலி நோயாளி. மேடையில் நிற்கப்போவது சில நிமிஷம்தான்.

அன்று தலைமை வகித்தவர் எம்.ஜி.ஆர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த நாகேஷ் போட்ட கூச்சலில் சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் எம்.ஜி.ஆர். பேசும்போது, கொஞ்ச நேரமே வந்த அந்த ஒல்லி மனிதரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். பரிசும் அவருக்கே.

எம்.ஜி.ஆர். அன்று தாமதமாக வந்திருந்தால்? அந்தச் சில நிமிஷம் பார்த்து யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால்? ரெயில்வேயில் ஒரு குமாஸ்தா பென்ஷன் வாங்கியிருப்பார். தமிழ் சினிமாவுக்கு ஒரு நாகேஷ் கிடைத்திருப்பாரா?

நாகேசுக்காக "சர்வர் சுந்தரம்" நாடகத்தை எழுதிய கே.பாலசந்தரும் ஆபீஸ்காரர்தான். ஏ.ஜி. ஆபீசில் வேலை. மாலையில் நாடகம். "சர்வர் சுந்தரம்" 1964-ல் படமானது. "மேஜர் சந்திரகாந்த்" நாடகத்தில் நடித்த சுந்தரராஜன், அன்று முதல் "மேஜர்" சுந்தரராஜன் ஆனார்.

பிற்காலத்தில் பாலசந்தரே முன்வரிசை பிரமுகர் ஆனார். கோமல் சுவாமிநாதனின் "தண்ணீர் தண்ணீர்" நாடகத்தைப் போய்ப் பார்த்தார். ஒரு குடம் தண்ணீருக்கு அல்லாடும் கிராமத்தின் கதை. 1981-ல் அதைப் படமாக எடுத்தார். தேசிய விருது தேடி வந்தது. சபாவில் சில நூறு பேர் பார்த்த கதை, நாடெங்கும் போனது.

அழையா விருந்தாளி

நட்சத்திரங்களைவிட நாடகக்காரர்களை அதிகம் நடுங்க வைத்த பார்வையாளர் ஒருவர் உண்டு. அவர் டிக்கெட் வாங்கமாட்டார். கைதட்டமாட்டார். அவர்தான் போலீஸ்காரர்!

1954-ல் வந்த நாடகச் சட்டப்படி, போலீஸ் அதிகாரிகளிடம் கதை வசனத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் தடைக்கு மேல் தடையைச் சந்தித்தன. சபையில் உட்கார்ந்து, மேடையில் புது வசனம் விழுகிறதா என்று போலீசார் காது கொடுத்துக் கேட்ட காலம் அது.

அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை சென்னை ஐகோர்ட்டு 2013-ல் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் "பரீக்ஷா" நாடகக் குழுவின் ஞாநி. சட்டம் வந்து 59 வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ நாடகங்கள் திரை விழுந்து மறைந்துவிட்டன.

கடைசி பஸ்

பிரமுகர் வருவதில் கஷ்டமும் இல்லாமல் இல்லை. 6.30 மணி நாடகம் என்று போட்டிருப்பார்கள். "தலைவர் கிளம்பிட்டாராம்" என்று 7 மணிக்குச் சொல்வார்கள். இடைவேளையில் பொன்னாடை, மாலை, பேச்சு. ஒருவரைப் புகழ்ந்து ஒருவர் பேசி முடிப்பதற்குள், தாம்பரம், ஆவடி பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்சையும் மின்சார ரெயிலையும் எண்ணிக்கொண்டு நெளிவார்கள்.

முன்பு ஆட்டோகிராப் நோட்டோடு முண்டியடித்தார்கள். இப்போது செல்போன். வெளிச்சம் போன பிறகும் இருட்டில் பத்து செல்போன் மின்னுகிறது. மேடையில் கதாநாயகி உயிரைக் கொடுத்து அழுதுகொண்டிருப்பார். பாதிப் பேர் கழுத்து முன்வரிசைப் பக்கம் திரும்பியிருக்கும். முதுகைப் பார்த்து நடிப்பது எப்படி என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை!

இதெல்லாம் தெரிந்த பிரமுகர்கள் விளக்கை அணைத்த பிறகு ஓசைப்படாமல் வந்து ஓரத்து நாற்காலியில் உட்காருவார்கள். முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் போவார்கள். வியர்வையோடு நிற்கும் நடிகரின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். மறுநாள் காலை ஆபீசில் பைலைப் புரட்டும் அந்த நடிகருக்கு, அந்த இரண்டு வார்த்தை ஒரு வருஷத்துக்குப் போதும்.

ரஜினி வந்த நாள்

2023 ஜனவரியில் ஒய்.ஜி.மகேந்திரனின் "சாருகேசி" நாடகத்தின் 50-வது காட்சி நடந்தது. ரஜினிகாந்த் வந்தார். இரு குடும்பத்தாரும் உறவினர்கள்.

நாடகம் ஒரு கர்நாடக சங்கீத வித்வானின் கதை. ஆனால் பேசப்பட்டது வேறு. ஒரு காலத்தில் தனக்கு இருந்த குடி, சிகரெட் பழக்கங்களைப் பற்றி ரஜினி மனம் திறந்தார். தன்னை மாற்றியவர் மனைவி லதாதான் என்று சொன்னார். அந்தப் பேச்சுதான் நாடெங்கும் செய்தி ஆயிற்று.

இதில் நாடகக்காரர்களுக்கு லாபமா, நஷ்டமா? நட்சத்திரத்தின் பேச்சு நாடகத்தை மறைத்துவிட்டது என்று முணுமுணுப்பவர் இருக்கலாம். ஆனால் டெலிவிஷனும் செல்போனும் வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும் நாளில், "அப்படி ஒரு நாடகம் நடக்குதா? எங்கே?" என்று நாலு பேர் கேட்டதும் அந்தப் பேச்சால்தானே!

மேக்கப்பைத் துடைத்துவிட்டு மேடைக்காரர்கள் கணக்குப் பார்ப்பது, நட்சத்திரம் வந்த நாளின் கூட்டத்தை வைத்து இல்லை. அன்றைக்கு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களில் எத்தனை பேர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள்? அந்தக் கணக்கு சரியாக வந்தால்தான் அடுத்த நாடகத்துக்கு சீன் துணி வாங்க முடியும்.

முன்வரிசை சோபாவுக்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள். காலியாக இருக்கும் பத்தாவது வரிசைக்குத்தான் ஆள் தேவை!